ஒரு நிமிஷம் லேட்!

2,400 வருடங்களுக்கு மேலாக உலகம் அலுக்காமல் பார்க்கும் அழுகை நாடகங்களின் ரகசியம்

கேம்பஸில் ரொம்ப மலிவாகப் புழங்கும் வார்த்தைகளில் ஒன்று 'டிராஜடி'. மேத்ஸ் பேப்பரில் அரியர் விழுந்தால் டிராஜடி. மெஸ்ஸில் நாலாவது நாளாக அதே கத்தரிக்காய் குழம்பு என்றால் டிராஜடி. மூணு வருஷம் மனசுக்குள்ளேயே வைத்திருந்துவிட்டு, ஃபேர்வெல் அன்றைக்குத்தான் தைரியம் வந்து லவ்வைச் சொல்லப் போக, 'போன வாரம்தான் எனக்கு நிச்சயமாச்சு' என்று அந்தப் பொண்ணு சொன்னால்... மகா டிராஜடி!

முதல் இரண்டையும் விட்டுத்தள்ளுங்கள். மூணாவதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. 'ஒரு வாரம் முன்னாடி சொல்லியிருந்தா?' என்று ராத்திரி முழுக்க மொட்டை மாடியில் புலம்புகிறான் பாருங்கள், அந்த 'முன்னாடி'தான் மேட்டர். நாடக உலகின் பெரிய ஜாம்பவான்கள் எல்லோரும் அந்த ஒரு வார்த்தைக்குள்தான் குடித்தனம் நடத்தியிருக்கிறார்கள்.

தமிழில் இதைத் துன்பியல் நாடகம், அவல நாடகம், சோகாந்த நாடகம் என்று பல பெயரில் சொல்கிறோம். பெயரைப் பார்த்துவிட்டு, கடைசி சீனில் ஹீரோ செத்தால் டிராஜடி என்று முடிவுகட்டிவிடுகிறோம். அது அவ்வளவு சரியில்லை. ரோட்டில் போகிறவர் மேல் மரம் விழுந்தால் அது விபத்து. பரிதாபம்தான், ஆனால் அதை வைத்து நாடகம் எழுத முடியாது. 'இந்த மரம் விழப்போகுது' என்று ஊரே சொல்லியும், 'நான் வெச்ச மரம், என் வீட்டு மேலயா விழும்?' என்று அதன் கீழேயே கட்டிலைப் போட்ட ஒருவர், 'ஐயோ, நிஜம்தான் போலிருக்கே' என்று விழித்து, பக்கத்தில் தூங்கும் பிள்ளையைத் தூக்கக் கை நீட்டும்போது மரம் விழுந்தால்... அது டிராஜடி.

உண்மை கடைசியில் தெரிய வரும். ஆனால், ஒரு நிமிஷம் லேட்டாக! இந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு ஏதென்ஸிலிருந்து அமெரிக்கா வரைக்கும் ஒரு ரவுண்டு போய் வரலாம், வாங்க.

ஆட்டுப் பாட்டு!

டிராஜடிக்குப் பூர்வீகம் கிரீஸ். 'டிராகோடியா' என்ற கிரேக்க வார்த்தையைப் பிரித்தால் 'ஆட்டுப் பாட்டு' என்று வரும். அதில் ஆடு எப்படி வந்தது, போட்டியில் கொடுத்த பரிசா, சாமிக்குக் கொடுத்த பலியா என்று அறிஞர்களுக்குள் இன்றும் பஞ்சாயத்து தீரவில்லை.

கி.மு. 5ஆம் நூற்றாண்டு. ஏதென்ஸ் நகரம். ஒவ்வொரு வசந்த காலத்திலும் டயோனிசஸ் என்ற ஒயின் கடவுளுக்குத் திருவிழா. அக்ரோபோலிஸ் குன்றின் தெற்குச் சரிவில், திறந்தவெளியில், பகல் வெளிச்சத்தில் நாடகப் போட்டி. மூன்று நாடகாசிரியர்கள் களத்தில் இறங்குவார்கள். ஆளுக்கு மூன்று டிராஜடி, கடைசியில் ஆடியன்ஸ் கொஞ்சம் சிரித்துவிட்டுப் போக ஒரு கூத்து நாடகம். கோரஸ் குழுவுக்குப் பயிற்சி, உடை எல்லாம் ஒரு பணக்காரர் தலையில் கட்டப்படும். இந்தக் கால பாஷையில் ஸ்பான்சர். நடுவர்கள் உண்டு, பரிசு உண்டு. நம்ம இன்டர்-காலேஜ் கல்ச்சுரல்ஸ் மாதிரியேதான்! நடிகர்கள் எல்லோரும் ஆண்கள். முகமூடி மாட்டிக்கொண்டு மூன்றே பேர் எல்லா வேஷத்தையும் சமாளிப்பார்கள். கூடவே ஊர்ப் பெரியவர்களாகவோ, பெண்களாகவோ பாடி ஆட ஒரு கோரஸ்.

ஒரு வித்தியாசம் மட்டும் கவனிக்கணும். இந்த விழாவை நடத்தியது அரசாங்கம். நாடகம் தொடங்கும் முன்னால், ஏதென்ஸின் பிடியில் இருந்த நகரங்கள் கட்டிய கப்பப் பணத்தை எல்லோர் முன்னாலும் கொண்டுவந்து வைப்பார்கள். போரில் அப்பாவை இழந்து, அரசாங்கச் செலவில் வளர்ந்த பையன்கள் கவசம் அணிந்து அணிவகுத்து வருவார்கள். 'பார், எங்க நாட்டோட கெத்தை!' என்று காட்டும் சடங்கு. அது முடிந்த அதே மேடையில்தான், 'அரசாங்கம் போடற உத்தரவு எல்லாமே சரியா?' என்று கேட்கும் நாடகமும் ஏறியது. அப்படிக் கேட்ட நாடகங்களில் உச்சம், 'அன்டிகனி'. சுமார் கி.மு. 441இல் சோஃபோக்ளிஸ் எழுதியது. மனுஷர் 120 நாடகங்கள் அளவுக்கு எழுதியவர். முழுசாக நம் கைக்கு வந்தது ஏழு மட்டுமே!

தாய்மாமன் போட்ட தடை

கதையைக் கேளுங்கள். நம்ம ஊர் சொந்தபந்தக் கணக்கு தெரிந்தவர்களுக்கு இது ஈஸியாகப் பிடிபடும்.

தீப்ஸ் நகரத்து ராஜா ஈடிபஸுக்கு இரண்டு பையன்கள், இரண்டு பெண்கள். அப்பாவுக்குப் பிறகு ஆட்சி யாருக்கு என்று அண்ணன் தம்பிக்குள் சண்டை. ஒருவன் நாற்காலியை விட மறுக்க, இன்னொருவன் வெளிநாட்டுப் படையைக் கூட்டிக்கொண்டு சொந்த ஊர் மேலேயே பாய்கிறான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் குத்திக்கொண்டு சாகிறார்கள். இப்போது ஆட்சிக்கு வருகிறார் தாய்மாமன் கிரியோன். வந்ததும் முதல் உத்தரவு: ஊரைக் காத்து நின்றவனுக்கு ராஜ மரியாதையோடு அடக்கம். ஊர் மேல் படையெடுத்து வந்த பாலிநைசஸுக்கு அடக்கமே கிடையாது. நாயும் கழுகும் தின்னட்டும். மீறி அடக்கம் செய்கிறவருக்கு மரணம்.

கிரியோனை உடனே வில்லனாக்கிவிடாதீர்கள். நேற்றுதான் போர் முடிந்த ஊர். துரோகிக்கும் தியாகிக்கும் ஒரே மரியாதை கொடுத்தால் நாளைக்கு எவன் ஊருக்காக நிற்பான்? அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

செத்தவனின் தங்கை அன்டிகனி. அவளுக்கு இந்தக் கணக்கெல்லாம் இல்லை. அண்ணன், அண்ணன்தான். செத்தவனுக்கு ஒரு பிடி மண் போடுவது மனுஷன் போட்ட சட்டத்துக்கும் முந்தின கடமை. தங்கச்சி இஸ்மேனியைக் கூப்பிடுகிறாள். அவள் பயந்து ஒதுங்குகிறாள். அன்டிகனி தனியாகவே போய் மண்ணைத் தூவுகிறாள். காவலர்கள் மண்ணைத் துடைக்கிறார்கள். மறுபடியும் போகிறாள். மாட்டிக்கொள்கிறாள். விசாரணையில் ஒரு வார்த்தைகூட மழுப்பவில்லை. ஆமா, செஞ்சேன். சட்டம் தெரியும். தெரிஞ்சேதான் செஞ்சேன்.

இங்கே இன்னொரு சிக்கல். அவளுக்கு நிச்சயம் பண்ணியிருப்பது கிரியோனின் மகன் ஹீமோனை. மாமன் மகன், முறைப்பையன்! அவன் அப்பாவைப் பார்க்க வருகிறான். காதலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ரொம்பப் பதமாக, மரியாதையாக ஆரம்பிக்கிறான். ஊர் ஜனங்கள் உங்கள் முகத்துக்கு நேரே பேசப் பயப்படுகிறார்கள், ஆனால் இருட்டில் அவளுக்காக அழுகிறார்கள் என்கிறான். வெள்ளத்தில் வளைந்துகொடுக்கும் மரம்தான் பிழைக்கும், விறைத்து நிற்பது வேரோடு போகும் என்று எடுத்துச் சொல்கிறான். அப்பாவின் பதில்? இந்த வயசுப் பையன் எனக்குப் புத்தி சொல்றதா என்பதுதான்! ஹாஸ்டலில் இருப்பவர்கள் முக்கால்வாசிப் பேருக்கு இந்த சீன் நன்றாகவே புரியும். என்ன குரூப் எடுப்பது என்று ப்ளஸ் ஒன்னில் நடந்த அதே டிஸ்கஷன்தான்.

அன்டிகனியை உயிரோடு குகைக்குள் அடைக்கிறார்கள்.

முதல்ல எதைச் செய்யறது?

அப்புறம் வருகிறார் டைரீசியஸ், கண் தெரியாத குறிசொல்லி. அழுகும் பிணத்தின் தீட்டு ஊர்ப் பலிபீடம் வரைக்கும் வந்துவிட்டது, இதற்கு விலையாக உன் வீட்டிலிருந்தே ஒரு பிணம் விழும் என்று எச்சரிக்கிறார். 'எவன்கிட்ட காசு வாங்கினே?' என்கிற ரேஞ்சில் அவரையும் விரட்டிவிட்டு, அவர் போன பிறகுதான் கிரியோனுக்கு வயிற்றைக் கலக்குகிறது. என்ன செய்யட்டும் என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்கிறார். அவர்கள் வரிசைப்படியே சொல்கிறார்கள்: முதலில் அந்தப் பெண்ணை வெளியே விடு, பிறகு பிணத்துக்கு மரியாதை செய்.

கிரியோன் அவசரமாக ஓடுகிறார். ஆனால் வரிசையை மாற்றிவிடுகிறார்! முதலில் பாலிநைசஸின் உடலைக் கழுவி, எரித்து, மண்மேடு எழுப்பி முறைப்படி எல்லாம் முடிக்கிறார். அதற்குப் பிறகு குகைக்குப் போகிறார். உள்ளே அன்டிகனி தூக்கில் தொங்குகிறாள். அவள் காலடியில் ஹீமோன். அப்பாவைப் பார்த்ததும் வாளை உருவிக்கொண்டு பாய்கிறான், குறி தவறுகிறது, அதே வாளில் தன்னையே குத்திக்கொள்கிறான். செய்தி கேட்ட அவன் அம்மாவும் புருஷனைச் சபித்தபடியே உயிரை விடுகிறாள்.

கடைசியில் கிரியோன் மட்டும் உயிரோடு மிஞ்சுகிறார். எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்து என்ன பிரயோஜனம்?

செத்தவனுக்கு மரியாதை செய்து முடித்த நேரத்தில் உயிரோடு இருந்தவளைக் காப்பாற்றியிருக்கலாம். இதை சோஃபோக்ளிஸ் எங்கேயும் பிரசங்கமாகச் சொல்லவில்லை. ஒரு வேலையை முன்னால் வைத்து, இன்னொன்றைப் பின்னால் தள்ளினார். அவ்வளவுதான்!

அரிஸ்டாட்டில் நடத்திய கிளாஸ்

நூறு வருஷம் கழித்து அரிஸ்டாட்டில் வருகிறார். இந்த நாடகங்களை எல்லாம் அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து, 'கவிதையியல்' என்று ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார். எம்.ஏ. லிட்ரேச்சர் மக்கள் எக்ஸாமுக்கு உருப்போடும் அந்த மூணு வார்த்தைகள் அதில்தான் இருக்கின்றன. பயப்பட வேண்டாம், கிரியோன் கதை தெரிந்தால் மூணும் தானாகப் புரியும்.

ஹமார்ஷியா: குறி தவறுவது. கெட்டவன் என்று அர்த்தம் இல்லை. அம்பை நல்ல எண்ணத்தோடுதான் விட்டான், இலக்கு தப்பிவிட்டது.

பெரிபெட்டியா: தலைகீழ்த் திருப்பம். ஊரைக் காப்பாற்றப் போட்ட உத்தரவே சொந்த வீட்டைக் காலி பண்ணுவது.

அனக்னாரிசிஸ்: அறிதல். 'ஓ, இதுதானா விஷயம்' என்று மண்டையில் பல்ப் எரியும் நொடி.

பல்ப் எரிகிறது. ஆனால் வீடு எரிந்து முடிந்த பிறகு எரிகிறது!

பின்னாளில் ஜெர்மன் தத்துவவாதி ஹெகல் இதே அன்டிகனியை எடுத்துக்கொண்டு வேறொரு பாயின்ட் பிடித்தார். நல்லவன் கெட்டவன் மோதினால் அது சாதாரணச் சண்டை. நியாயமும் நியாயமும் மோதுவதுதான் டிராஜடி என்பது அவர் கட்சி. கிரியோன் பக்கம் நாடு, அன்டிகனி பக்கம் குடும்பம். இரண்டுமே சரி. எதிராளியிடமும் ஒரு சரி இருக்கிறது என்று பார்க்க மறுத்ததுதான் இரண்டு பேரின் தப்பு.

வராத லெட்டர், தாமதமான ஆர்டர்

அங்கிருந்து ஒரே ஜம்ப், ஷேக்ஸ்பியரின் லண்டன். கோரஸ் போச்சு, முகமூடி போச்சு. கிரேக்க மேடையில் பெரும்பாலும் சாவு திரைக்குப் பின்னால் நடக்கும். தூதர் வந்து சேதி சொல்வார். ஷேக்ஸ்பியரிடம் ரத்தம் நேராக மேடையிலேயே. எல்லாமே மாறினாலும், அந்த ஒரு நிமிஷம் மட்டும் மாறவில்லை.

ரோமியோவுக்கு 'ஜூலியட் சாகலை, மருந்து குடிச்சுத் தூங்கறா' என்று போக வேண்டிய லெட்டர் போய்ச் சேரவில்லை. ஏன்? கொண்டுபோன துறவியை, பிளேக் நோய் சந்தேகத்தில் ஒரு வீட்டுக்குள் அடைத்துவிட்டார்கள். 2020இல் குவாரன்டைன் பார்த்த நமக்கு இது நன்றாகவே புரியும்! ரோமியோ விஷம் குடித்து முடித்த பிறகு ஜூலியட் கண் விழிக்கிறாள்.

ஒத்தெல்லோவுக்கு அந்தக் கைக்குட்டையின் உண்மைக் கதை தெரிகிறது, மனைவியைத் தன் கையாலேயே கொன்ற பிறகு.

உச்சம், 'கிங் லியர்'. கார்டீலியாவைக் கொல்லச் சொல்லி ரகசிய ஆர்டர் போட்ட எட்மண்டே, சாகும் நேரத்தில் மனம் திருந்தி, சீக்கிரம் ஆளை அனுப்புங்கள் என்கிறான். ஆள் ஓடுகிறது. அடுத்த நிமிஷம் மகளின் உடலைக் கையில் ஏந்திக்கொண்டு லியர் உள்ளே வருகிறார். கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின கிரியோனின் குகை வாசலேதான்!

இந்த முடிவை ஜனங்களால் தாங்கவே முடியவில்லை. 1681இல் நாஹும் டேட் என்ற எழுத்தாளர் கதையை மாற்றினார். கார்டீலியா பிழைத்து, காதலன் எட்கருடன் சேர்கிறாள். லியருக்கு ராஜ்ஜியம் திரும்பக் கிடைக்கிறது. சுபம்! சுமார் 150 வருஷம் இங்கிலாந்து மேடைகளில் இந்த லியர்தான் ஓடினார். 1838இல் மெக்ரெடி என்ற நடிகர்தான் ஒரிஜினலை மேடைக்குத் திரும்பக் கொண்டுவந்தார். இன்றைக்கு டேட்டின் லியரை ஆராய்ச்சி மாணவர்களைத் தவிர யாரும் சீண்டுவதில்லை. சரியான நேரத்தில் போய்க் காப்பாற்றிவிட்டால் சந்தோஷம்தான். ஆனால் வீட்டுக்குப் போய் யோசிக்க எதுவும் மிச்சம் இருக்காது.

-------

தொடை முறிந்த ராஜா

நம்ம பக்கம் டிராஜடி இல்லையா? மேடையில் மரணத்தைக் காட்டக் கூடாது, முடிவு மங்கலமாக இருக்க வேண்டும் என்பது சமஸ்கிருத நாடகத்தின் பொதுவான மரபு. அதை மீறிய ஆச்சரியம், பாசன் எழுதிய 'ஊருபங்கம்'. தொடை நொறுங்கிக் கிடக்கும் துரியோதனன்தான் ஹீரோ! அவன் குட்டி மகன் வழக்கம்போல அப்பா மடியில் உட்கார ஓடி வருகிறான். உட்கார மடி இல்லை. பழிவாங்கத் துடிப்பவர்களைத் தடுத்து, பாண்டவர்களுக்குப் பணிந்து நட என்று மகனுக்குச் சொல்லிவிட்டு, மேடையிலேயே உயிரை விடுகிறான். புத்தி வந்துவிட்டது. பதினெட்டு நாள் போர் முடிந்த பிறகு!

இந்த நாடகம் பல நூற்றாண்டுகளாகத் தொலைந்து கிடந்தது. பாசனின் பெயரில் அறியப்படும் நாடகச் சுவடிகளைப் பத்மநாபபுரம் பக்கத்து மணலிக்கரையில் கண்டெடுத்தவர் கணபதி சாஸ்திரி. அந்த இடம் இன்றைய கன்னியாகுமரி மாவட்டம். 1912 முதல் அவை ஒவ்வொன்றாக அச்சாகின.

சுவடி தொலைந்தாலும் துரியோதனன் தொலையவில்லை. வட மாவட்டங்களில் திரௌபதியம்மன் கோயில் பாரத விழாவின் கடைசியில், களிமண்ணால் செய்த பிரமாண்டமான துரியோதனன் ஊர்த் திடலில் மல்லாந்து கிடப்பான். பீமன் வேஷக்காரர் தொடையைப் பிளப்பார். 'படுகளம்' என்று கேட்டுப் பாருங்கள், ஊரில் தாத்தா பாட்டி கதையாகச் சொல்வார்கள்.

-------

மேத்ஸில் ஃபெயிலான மகன்

ராஜா, இளவரசி, தளபதி... இவர்கள் விழுந்தால்தான் டிராஜடியா? சாதாரண ஆள் விழுந்தால் செய்தித்தாளில் நாலு வரியோடு சரியா? 20ஆம் நூற்றாண்டில் இந்தக் கேள்வியை நேருக்கு நேர் கேட்டவர் ஆர்தர் மில்லர். 1949 பிப்ரவரி 10ஆம் தேதி நியூயார்க்கில் 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' அரங்கேறியது. அதே மாதம் பத்திரிகையில் கட்டுரையும் எழுதினார். தன் மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ள உயிரையும் கொடுக்கத் துணிகிறவன், ராஜாவோ குமாஸ்தாவோ, டிராஜடிக்குத் தகுதியானவன்தான் என்பது அவர் வாதம்.

வில்லி லோமன். 63 வயது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ச் சரக்கு விற்றே தேய்ந்துபோன ஆள். நாலு பேருக்குப் பிடித்தமாதிரி நடந்துகொண்டால் வாழ்க்கையில் ஜெயித்துவிடலாம் என்று நம்பி, மகன்களுக்கும் அதையே ஊட்டி வளர்த்தவர். மூத்தவன் பிஃப் ஃபுட்பால் ஸ்டார். ஆனால் மேத்ஸில் ஃபெயில்! அதைச் சொல்லி அழ, அப்பா தங்கியிருக்கும் ஊருக்கு ஓடுகிறான். அங்கே அவர் ரூமில் வேறொரு பெண். அத்தோடு பையனுக்கு அப்பாவும் ஃபெயில்.

வருஷங்கள் ஓடுகின்றன. எவன் பிறந்தபோது பெயர் வைப்பதில்கூட வில்லிக்குப் பங்கு இருந்ததோ, அந்தச் சின்ன முதலாளியே இப்போது வேலையை விட்டுத் தூக்குகிறான். கடைசி ராத்திரி அப்பாவுக்கும் மகனுக்கும் பயங்கர சண்டை. 'நான் சாதாரண ஆள்ப்பா, என்னை விட்டுடு' என்பதுதான் மகனின் கெஞ்சல். திட்டிக்கொண்டே இருந்தவன் உடைந்துபோய் அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுகிறான். அப்போதுதான் வில்லிக்கு பல்ப் எரிகிறது. இவனுக்கு என்மேல் பாசம் இருக்கிறது! சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் என்ன செய்கிறார் தெரியுமா? 20,000 டாலர் இன்ஷூரன்ஸ் பணம் மகனுக்குக் கிடைக்கட்டும் என்று காரை எடுத்துக்கொண்டு சாகப் போகிறார். மகன் கேட்டது அப்பாவை. அவர் கொடுக்க நினைத்தது பணம். கிரேக்கர்கள் சொன்ன அதே குறி தவறிய அம்பு!

அடக்கத்துக்குக் குடும்பமும், பக்கத்து வீட்டு அப்பா-மகனும் தவிர யாரும் வரவில்லை. 25 வருஷமாகக் கட்டிவந்த வீட்டுக் கடனின் கடைசித் தவணை அன்றைக்குத்தான் முடிகிறது. வீடு சொந்தமாகிவிட்டது. குடியிருக்க ஆள் இல்லை.

'இது அமெரிக்காக்காரன் கதைதானே?' என்று கேட்டவர்கள் உண்டு. 1983இல் மில்லரே சீனாவுக்குப் போய், பெய்ஜிங்கில் சீன நடிகர்களை வைத்து இதை இயக்கினார். ஊர் ஊராகப் போகும் சேல்ஸ்மேன் என்ற தொழிலே இல்லாத நாட்டில் யாருக்குப் புரியும் என்று கவலைப்பட்டார்கள். புரிந்தது! பையன் மேல் தன் கனவை ஏற்றி வைக்கும் அப்பா இல்லாத ஊர் ஏது?

விக் வைத்த கைதி

இதற்கிடையில் நம்ம அன்டிகனி என்ன ஆனாள்? சாகவே இல்லை. எங்கெல்லாம் ஒரு உத்தரவுக்கும் ஒரு மனசாட்சிக்கும் முட்டிக்கொள்கிறதோ, அங்கெல்லாம் ஆஜர்! 1944 பிப்ரவரியில், ஹிட்லர் படையின் பிடியில் இருந்த பாரிஸில் ழான் அனூயி தன் 'அன்டிகனி'யை மேடையேற்றினார். ஜெர்மன் சென்சார் அனுமதித்த நாடகம். ஆனால் அரங்கத்தில் இருந்த பலர், அடங்க மறுக்கும் அந்தப் பெண்ணில் பிரான்ஸைப் பார்த்தார்கள். கிரியோனுக்கு இவ்வளவு நியாயம் பேசக் கொடுத்துவிட்டாரே என்று கோபப்பட்டவர்களும் உண்டு. ஹெகல் இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

அதைவிட ஆச்சரியம் தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவு. நிறவெறி அரசு தன் எதிரிகளை அடைத்து வைத்த சிறை. அங்கே கைதிகள் சேர்ந்து 'அன்டிகனி' போட்டார்கள். அதில் கிரியோனாக நடித்தவர் யார் தெரியுமா? நெல்சன் மண்டேலா! இதைத் தன் சுயசரிதையிலேயே எழுதியிருக்கிறார். கிரியோன் ஆரம்பத்தில் விவேகமாகத்தான் பேசுகிறான். ஆனால் தலைவனுக்கு இரக்கமும் வளைந்துகொடுக்கும் மனசும் வேண்டும் என்பது அவனிடம் இல்லை என்கிற பொருளில் சொல்கிறார். பின்னாளில் தன்னைச் சிறையில் வைத்தவர்களோடு உட்கார்ந்து பேசிய மனிதர், சிறையிலேயே கிரியோனின் கிரீடத்தை ஒருமுறை மாட்டிப் பார்த்திருக்கிறார்!

தீவிலிருந்து இந்த மாதிரிச் செய்திகள் வெளியே கசிந்தன. ஆதல் ஃபுகார்ட், ஜான் கானி, வின்ஸ்டன் நிட்ஷோனா மூன்று பேரும் சேர்ந்து உருவாக்கிய நாடகம்தான் 'தி ஐலண்ட்'. 1973இல் கேப் டவுனில் முதல் ஷோ. சிறை நிலவரத்தை மேடையில் காட்டுவது சட்டப்படி ஆபத்து என்பதால் அப்போது வேறு பெயரில் போட்டார்கள். ஜான் கானி யாரென்று யோசிக்கிறீர்களா? 'பிளாக் பேந்தர்' ஹீரோவின் அப்பா, ராஜா டிசாக்காவாக வந்தவர். அவரேதான்!

இரண்டே கைதிகள். ஒரே செல். கைதிகள் நடத்தும் கலைநிகழ்ச்சிக்காக 'அன்டிகனி' ஒத்திகை. பொம்பளை வேஷம் போட மாட்டேன், எல்லோரும் சிரிப்பார்கள் என்று வின்ஸ்டன் முறைக்கிறான். நடுவில் ஒரு செய்தி: அப்பீலில் ஜானின் தண்டனை குறைந்துவிட்டது, மூன்றே மாதத்தில் விடுதலை. வின்ஸ்டனுக்கோ ஆயுள். நண்பனுக்காகச் சந்தோஷப்படவும் வேண்டும், தன் வாழ்க்கை இந்தத் தீவிலேயே முடியப்போகிறது என்பதையும் விழுங்க வேண்டும். அந்த நிமிஷத்தில்தான் அன்டிகனி யாரென்று அவனுக்குப் புரிகிறது. கடைசி சீனில் விக்கைப் பிய்த்து எறிந்துவிட்டு, தானாகவே நின்று பேசுகிறான்.

அங்கே ஒரு நுட்பம் நடக்கிறது. கதைப்படி அந்தக் கலைநிகழ்ச்சியைச் சிறை அதிகாரிகளும் பார்க்கிறார்கள். அதாவது, டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கும் நாம்தான் அந்த அதிகாரிகளின் சீட்டில் இருக்கிறோம். கிரியோன் மேடையில் மட்டும் இல்லை, நம்ம வரிசையிலும் இருக்கிறார்!

நாலு மணி நேரம்

இன்னும் கிட்டத்தில் வருவோம். 2014 ஆகஸ்ட் 9. அமெரிக்காவின் ஃபெர்கூசன் நகரில் 18 வயது மைக்கேல் பிரவுன், போலீஸ்காரர் ஒருவரால் சுடப்பட்டு இறந்தான். கையில் ஆயுதம் இல்லாத கறுப்பினப் பையன். அவன் உடல் நடுரோட்டில், ஆகஸ்ட் வெயிலில், சுமார் நாலு மணி நேரம் கிடந்தது. ஊர் கொதித்தது.

எடுத்து மூட ஆள் இல்லாமல் கிடக்கும் ஒரு உடல். எங்கேயோ கேட்ட கதைதானே? 2016இல் 'தியேட்டர் ஆஃப் வார்' என்ற குழு, அந்தப் பையன் படித்த பள்ளியிலேயே 'அன்டிகனி இன் ஃபெர்கூசன்' நடத்தியது. கிரேக்கக் கோரஸ் இடத்தில் தேவாலயப் பாடகர் குழு. அதில் ஆசிரியர்களும் இருந்தார்கள், போலீஸ்காரர்களும் இருந்தார்கள். சாதாரண வாழ்க்கையில் ஒரே ரூமில் உட்கார யோசிக்கும் ஆட்கள், ஒரே பாட்டைப் பாடினார்கள். வாசித்து முடிந்ததும் யாரும் எழுந்து போகவில்லை. உங்களுக்கு என்ன தோன்றியது என்று ஆடியன்ஸைக் கேட்டு, மைக்கைக் கொடுத்தார்கள். அந்தக் குழுவுக்கு நாடகத்தின் பாதிதான் மேடை. மீதிப் பாதி இந்தப் பேச்சு.

டைம் யாருக்கு இருக்கு?

சரி, முடிவு தெரிந்த கதையை, அழுதுகொண்டே எதற்குத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள்? ஏதென்ஸ்காரர்களுக்கும் ஈடிபஸ் குடும்பத்துக் கதை முன்கூட்டியே தெரியும். சஸ்பென்ஸே கிடையாது. கதாபாத்திரத்துக்கு மட்டும்தான் உண்மை கடைசியில் தெரிகிறது. நமக்கு முதல் சீனிலிருந்தே தெரியும். 'யோவ் கிரியோன், குகைக்கு ஓடுய்யா முதல்ல!' என்று மனசுக்குள் கத்துகிறோம். அவருக்குக் கேட்காது. கத்தினவர்களுக்குத்தான் கேட்கும்.

பரிதாபமும் பயமும் கலந்து வந்து, மனசைக் கழுவிவிட்ட மாதிரி ஒரு தெளிவு கிடைக்கும் என்றார் அரிஸ்டாட்டில். அதற்கு அவர் வைத்த பெயர் கதார்சிஸ். அதற்கு என்ன அர்த்தம் என்று புத்தகம் புத்தகமாக எழுதிவிட்டார்கள். நம்ம லெவலுக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம்: அவருக்கு லேட், நமக்கு இன்னும் லேட் ஆகவில்லை.

அடுத்த கல்ச்சுரல்ஸுக்கு என்ன டிராமா போடலாம் என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்களுக்கு ஒரு டிப்ஸ். வழக்கமான காலேஜ் கலாட்டா காமெடியை ஒரு வருஷம் ஓரம் கட்டுங்கள். கிரியோனும் ஹீமோனும் மோதும் அந்த அப்பா-மகன் சீனை மட்டும் எடுத்துக்கொண்டு, உங்கள் வார்த்தையில் எழுதிப் பாருங்கள். செட் வேண்டாம், காஸ்ட்யூம் வேண்டாம். ரெண்டு நாற்காலி, ரெண்டு ஆள். ஒரே ஒரு கண்டிஷன்: பையன் வேஷம்தான் வேண்டும் என்று அடித்துக்கொள்ளாமல், பாதி ரிகர்சலில் வேஷத்தை மாற்றிக்கொள்ளுங்கள். அப்பாவாக நின்று பேசும்போது அவர் பக்கத்து நியாயமும் வாயில் வரும்.

வந்தால், அன்றைக்கு ராத்திரியே வீட்டுக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள், பாஸ்!